மூலிகைச் சாற்றை இரைப்பையில் தங்கவைத்தால் எடை குறையுமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: எடை குறைய வேண்டும் என்று கொடம்புளிச் சாறு, பச்சைத் தேயிலைச் சாறு அடைத்த கேப்சூல்களைச் சில மாதங்கள் எடுத்துப் பார்த்தீர்கள், பலன் தெரியவில்லை. இப்போது கைட்டோசான், ஸ்டார்ச், அல்ஜினேட் போன்ற இயற்கைப் பாலிமர்களால் (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் கொண்ட பொருட்களால்) மெல்லிய படலம் செய்து, அதில் அதே மூலிகைச் சாற்றை ஏற்றி, மடித்துக் கேப்சூலில் அடைத்து, இரைப்பைக்குள் எட்டு மணி நேரம் தங்கவைக்கும் ஆராய்ச்சி நடக்கிறது என்று படித்திருக்கிறீர்கள். அப்படி ஒன்று வந்தால் வேலை செய்யுமா, பாலிமரும் இயற்கை, மூலிகையும் இயற்கை என்பதால் பயமில்லாமல் எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. நீங்கள் எடுத்த மூலிகை பலிக்காமல் போனதற்குக் காரணம் அது வயிற்றில் போதிய நேரம் தங்காததுதானா? அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டும் தானாகவே தெளிந்துவிடும்.

மருந்து வடிவமைப்புதான் என் வேலை. மருந்தை எந்த வடிவத்தில், எந்த வேகத்தில், உடம்பின் எந்த இடத்தில் வெளிவிடுவது என்பதைப் பார்க்கும் துறை அது. இயற்கைப் பாலிமர் படலங்களை வார்ப்பதிலும், அவை அமிலத்தில் எப்படி ஊறுகின்றன, எப்படிக் கிழிகின்றன என்று பார்ப்பதிலும் பல வருடம் போயிருக்கிறது. ஆனால் நான் மருத்துவர் இல்லை. உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைப் பரிசோதிக்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும். படலத்தைப் பற்றியும் அதற்குள் போகும் பொருளைப் பற்றியும் என்னால் உறுதியாகப் பேச முடியும்.

முதலில் இரைப்பை. எதையாவது அங்கே எட்டு மணி நேரம் தங்கவைப்பது கேட்பதற்குச் சுலபம், செய்வதற்கு மிகக் கடினம். இரைப்பையின் வேலையே உள்ளே வந்ததை அரைத்து வெளியே தள்ளுவது. சாப்பிட்ட நிலையில் அது உணவை ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான துகள்களாகும்வரை அரைத்து, பைலோரஸ் என்ற வாசல் வழியாகச் சிறுகச் சிறுகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அதைவிடப் பெரிய துண்டுகள் திரும்ப உள்ளே தள்ளப்படும். அரையாத பெரிய பொருள் எதுவாக இருந்தாலும், சாப்பாடு முழுக்கக் கடந்து போகும்வரை அங்கேயே கிடக்கும். அப்புறம் வயிறு காலியானதும் வேறொரு தாளம் ஆரம்பிக்கும். சுமார் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை, இரைப்பையில் தொடங்கி சிறுகுடல் நெடுகப் பலமான ஒரு சுருக்க அலை ஓடும். துப்புரவு அலை என்றே அதைச் சொல்வதுண்டு. அந்த நேரத்தில் பைலோரஸ் நன்றாகத் திறந்துகொள்ளும். செரிக்காமல் மிஞ்சியிருப்பதெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும். திறந்த பைலோரஸின் விட்டம் சராசரியாக 12, 13 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும்.

ஆகவே வெறும் வயிற்றில் விழுங்கிய படலம் எவ்வளவு நேரம் தங்கும் என்பது, விழுங்கிய நேரத்தில் அந்த அலை எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது. அலை வரப்போகும் தறுவாயில் விழுங்கினால், விரிந்து முடிப்பதற்குள் வெளியே போய்விடலாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு விழுங்கினால் பல மணி நேரம் நிற்கலாம். "எட்டு மணி நேரம் தங்கும்" என்ற வாக்கியத்துக்குப் பின்னால் பெரும்பாலும் சொல்லப்படாத ஒரு நிபந்தனை இருக்கிறது: நடுவில் மறுபடி சாப்பிட்டிருக்க வேண்டும். எடை குறைப்பவர்களுக்கு இது நேர் எதிரான நிபந்தனை. இரைப்பை நிமிடத்துக்குச் சுமார் 2 முதல் 4 கிலோகலோரி என்ற வேகத்தில்தான் உணவை வெளியே விடும். நிறையச் சாப்பிட்டால் அதிக நேரம் எடுக்கும். 200 கிலோகலோரி மட்டுமே உள்ள சிறிய உணவு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் காலியாகி, துப்புரவு அலைக்கு வழிவிட்டுவிடும். அளவாகச் சாப்பிடுகிறவர், ஒரு வேளையைத் தள்ளிப்போடுகிறவர், இவர்களுடைய இரைப்பைதான் படலத்தைச் சீக்கிரம் வெளியேற்றும் நிலையில் அதிக நேரம் இருக்கும். எடைக்குறைப்புக்கென்று இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் எதிர்கொள்ளவேண்டிய முதல் சிக்கல் இதுதான் என்பது என் எண்ணம். ஆய்வுக் கட்டுரைகளில் இதைப் பற்றி ஒரு வரி பார்ப்பதே அரிது.

இனி படலத்துக்கு வருகிறேன். செய்முறை எளிமையானது. பாலிமரைத் தண்ணீரிலோ நீர்த்த அமிலத்திலோ கரைத்து, மூலிகைச் சாற்றையும் படலத்தை வளையவைக்கும் கிளிசரால் போன்ற ஒரு பிளாஸ்டிசைசரையும் கலந்து, தட்டையான பாத்திரத்தில் ஊற்றி, மெதுவான சூட்டில் உலர்த்தினால் ஒரு படலம் உரிந்து வரும். யார் வேண்டுமானாலும் முதல் நாளே ஒரு படலத்தை உரித்துவிடலாம். நடுவிலும் ஓரத்திலும் ஒரே தடிமன் இருக்கிற, ஒவ்வொரு துண்டிலும் ஒரே அளவு மருந்து இருக்கிற, ஆறு மாதம் கழித்தும் அதே மாதிரி நடந்துகொள்கிற படலத்தைச் செய்வதுதான் வேலை.

எந்தப் பாலிமர் என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. கைட்டோசான் இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைட்டினிலிருந்து எடுக்கப்படுவது. அதில் நைட்ரஜன் உள்ள அமீன் தொகுதிகள் அமிலத்தில் நேர்மின் ஏற்று, சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். அதனால் அமிலத்தில் நன்றாக ஊதும். இரைப்பையின் சளிப்படலம் எதிர்மின் உடையது என்பதால் அதோடு ஒட்டவும் செய்யும். படிக்கும்போது இரைப்பைக்கென்றே பிறந்த பாலிமர் போலத் தெரியும். ஆனால் அதே குணத்தால், எதையும் சேர்க்காத கைட்டோசான் படலம் இரைப்பை அமிலத்தில் கரைந்து கூழாகிவிடும். கரையாமல் நிறுத்த, சங்கிலிகளுக்கிடையே பாலம் போட வேண்டும். குளுட்டரால்டிஹைடு நன்றாகப் பாலம் போடும், ஆனால் அது நச்சு. வாய்வழி மருந்தில் அதன் மிச்சம் இருப்பதை நான் விரும்பமாட்டேன். டிரைபாலிபாஸ்பேட் மென்மையான வழி. கார்டீனியா என்ற செடியின் காயிலிருந்து வரும் ஜெனிபின் இன்னொரு வழி, விலை அதிகம், படலமும் கருநீலமாகிவிடும். அல்ஜினேட் கடற்பாசியிலிருந்து வருவது. அது இதற்கு எதிர்மாறு. அமிலத்தில் கரையாத அல்ஜினிக் அமிலமாக மாறிச் சுருங்கி நிற்கும், சிறுகுடலின் காரத்தன்மை பட்டதும் இளகும். நெஞ்செரிச்சலுக்கான சில மருந்துகளில் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்: அல்ஜினேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்து, இரைப்பை நீருக்கு மேலே மிதக்கும் ஒரு கூழ்த்தெப்பம் உருவாகிறது. இயற்கைப் பாலிமர் இரைப்பையில் வேலை செய்ய முடியும் என்பதற்கு நீண்ட நாள் புழக்கத்தில் உள்ள சாட்சி அது. ஜெலட்டினை, புரதத்தைச் செரிக்கும் இரைப்பை என்சைமான பெப்சின் தின்றுவிடும். பெக்டினைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் உடைக்கும்.

ஸ்டார்ச்சின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. வலு குறைவுதான், தனியாக நின்றால் ஈரத்தில் தொய்ந்துவிடும், கைட்டோசானோடு கலந்தால் தேறும். ஆனால் அதற்கு ஒரு பெரிய நல்ல குணம் இருக்கிறது: இரைப்பை நீரில் ஸ்டார்ச்சை உடைக்கும் என்சைம் கிடையாது, சிறுகுடலில் கணையம் சுரக்கும் அமைலேஸ் இருக்கிறது. அதாவது படலம் இரைப்பையில் நிற்கும், வாசலைத் தாண்டியதும் செரிந்துபோகும். இரைப்பையில் தங்கும் எந்தப் பொருளையும் பார்க்கும்போது, அது எப்படி உள்ளே நிற்கிறது என்பதைவிட எப்படி வெளியே போகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். செயற்கைப் பாலிமர்களைவிட இயற்கைப் பாலிமர்கள் உண்மையாகவே மேலாக இருக்கக்கூடிய இடம் அது. "இயற்கை" என்ற பெயருக்காக அவற்றைப் பாராட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. செரிந்துபோகும் என்பதற்காகத் தாராளமாகப் பாராட்டுவேன்.

மடிப்புதான் அடுத்த தலைவலி. படலத்தைக் காகித விசிறி போல மடித்துக் கேப்சூலுக்குள் திணிக்க வேண்டும்; கேப்சூல் கரைந்ததும் சில நிமிடங்களில் அது விரிய வேண்டும். காய்ந்த படலம் மடிப்பில் வெடிக்கும். வெடிக்காமல் இருக்க கிளிசரால் சேர்த்தால், அது காற்றின் ஈரத்தை இழுத்து, படலம் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். புதிதாகச் செய்த படலம் அழகாக விரியும். மாதக்கணக்கில் மடிந்தே கிடந்த படலம் மடிப்பையே தன் இயல்பான வடிவமாக எடுத்துக்கொண்டு, விரிய மறுக்கும். மூலிகைச் சாறு இதை இன்னும் சிக்கலாக்கும். சாறுகளில் சர்க்கரைப் பொருட்கள் இருக்கும், அவை ஈரத்தை இழுக்கும். செடிகளின் துவர்ப்புப் பொருட்களான பாலிபீனால்கள் கைட்டோசானையும் ஜெலட்டினையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் படலம் விறைக்கலாம், மருந்து வெளியே வராமல் உள்ளேயே பூட்டிக்கொள்ளவும் செய்யலாம். கொடம்புளியின் அமிலம் கைட்டோசானின் அமீன்களோடு உப்பாகச் சேரும். இவையெல்லாம் செடி விளைந்த பருவத்துக்கும், சாறு எடுத்த முறைக்கும், கைட்டோசான் வந்த ஓட்டுக்கும் தக்கபடி மாறும். பாலிமர் ஒரு பக்கம் மாற, சாறு இன்னொரு பக்கம் மாற, இரண்டையும் பிடித்து நிறுத்தி ஒரே மாதிரியான பத்தாயிரம் கேப்சூல் செய்வது ஆய்வகத்தில் பத்து படலம் செய்வதிலிருந்து வெகு தூரம்.

படலம் விரிந்தால் மட்டும் போதாது. மெல்லிய, வளையும் படலம் எவ்வளவு அகலமாக இருந்தாலும், இரைப்பை அதை மறுபடி கசக்கிச் சுருட்டி வாசல் வழியாக அனுப்பிவிடும். நாய்களில் நடந்த ஆய்வுகள் காட்டியது இதைத்தான்: அளவும் வேண்டும், விறைப்பும் வேண்டும், அதற்காகப் படலத்தின் ஓரத்தில் விறைப்பான சட்டம் வைத்தார்கள். இந்த வழியில் மிக முன்னேறிய முயற்சி இஸ்ரேலின் இன்டெக் ஃபார்மா நிறுவனம் செய்த அக்கார்டியன் பில் என்ற கேப்சூல். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபாவைப் பல அடுக்குப் படலத்தில் ஏற்றி, மடித்துக் கேப்சூலில் வைத்தார்கள். லெவோடோபா சிறுகுடலின் மேல்பகுதியில் மட்டுமே நன்றாக உறிஞ்சப்படும் மருந்து. இப்படி ஒரு வடிவத்துக்கு அதைவிடப் பொருத்தமான மருந்து கிடைப்பது கடினம். அதுவே 2019ல் மூன்றாம் கட்ட ஆய்வில் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. உறுதியாக வேலை செய்யும் மருந்து, நன்கு ஆராயப்பட்ட படலம், பெரிய அளவு முதலீடு எல்லாம் இருந்தும் அப்படி. மறுபக்கமும் சொல்ல வேண்டும்: சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், நரம்பு வலிக்கான கபாபென்டின் ஆகியவற்றுக்கு, இரைப்பையில் ஊதிப் பெரிதாகித் தங்கும் மாத்திரைகள் சந்தைக்கு வந்து புழங்குகின்றன. அவற்றை இரவு உணவோடு எடுக்கச் சொல்வது வெறும் வசதிக்காக இல்லை. உணவு இல்லாவிட்டால் அவை தங்காது.

சரி, இரைப்பையில் தங்குவதால் யாருக்கு லாபம்? லெவோடோபா, மெட்ஃபார்மின் போல சிறுகுடலின் மேல்பகுதியில் மட்டும் உறிஞ்சப்படும் பொருளுக்கு லாபம். இரைப்பையிலேயே வேலை செய்ய வேண்டிய பொருளுக்கு லாபம். அமிலத்தில் கரைந்து காரத்தில் கரையாத, அல்லது காரத்தில் சிதைந்துபோகும் பொருளுக்கும் ஓரளவு லாபம். இந்த மூன்றிலும் சேராத பொருளை இரைப்பையில் நிறுத்திவைப்பதால் ஒன்றும் கூடாது. உங்கள் இரண்டு மூலிகைகளையும் இந்தத் தட்டில் வைத்துப் பார்ப்போம்.

கொடம்புளியில் உள்ள முக்கியப் பொருள் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம். உடம்பு சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும் பாதையில் உள்ள ஏடிபி சிட்ரேட் லயேஸ் என்ற என்சைமை அது தடுக்கிறது. இது சோதனைக்குழாயில் உறுதியான உண்மை. மனிதர்களில்? 1998ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வில், 135 பேருக்கு 12 வாரம், தினமும் 1,500 மில்லிகிராம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலமோ வெறும் போலி மாத்திரையோ கொடுத்தார்கள். எடையிலும் கொழுப்பிலும் இரு குழுக்களுக்கும் கணிசமான வித்தியாசம் இல்லை. 2011ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் சராசரியாக 0.88 கிலோ, அதுவும் தரம் குறைந்த ஆய்வுகளை எடுத்துவிட்டால் இன்னும் சுருங்கியது. இந்த அமிலம் தண்ணீரில் நன்றாகக் கரையும்; அமிலத்தில்தான் கரையும், காரத்தில் சிதையும் என்ற சிக்கல் அதற்கு இல்லை. வேலை செய்ய வேண்டிய இடமோ இரைப்பை இல்லை, கல்லீரல் செல்லின் உட்புறம்.

இதற்கு மேல் ஒரு கணக்கு. 5 சென்டிமீட்டர் நீளம், 2.5 சென்டிமீட்டர் அகலம், 0.2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு கால் கன சென்டிமீட்டர். எடை 300 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாற்றை ஏற்றினால் படலம் வலுவிழந்துவிடும், ஆக 100 மில்லிகிராம் என்று வையுங்கள். 60 சதவீதம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் உள்ள சாற்றில் 1,500 மில்லிகிராம் அமிலம் வேண்டுமென்றால் 2,500 மில்லிகிராம் சாறு வேண்டும். ஒரு நாளைக்கு 25 படலம்! பெரிய கேப்சூலான 00 அளவின் கொள்ளளவே ஒரு மில்லிலிட்டருக்குள்தான். மடித்துத் திணித்தால் இரண்டு படலம் போகும். கட்டுரைகளில், மருந்து வெளியேறும் வேகத்தைக் காட்டும் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், படலத்தில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கிராம் கணக்கில் தேவைப்படும் மூலிகை எதற்கும் இந்த வடிவம் ஒத்துவராது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பச்சைத் தேயிலை கொஞ்சம் வேறு கதை. அதில் உள்ள கேட்டச்சின்கள் என்ற பாலிபீனால்கள், குறிப்பாக இ.ஜி.சி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது, அமிலத்தில் நிலையாக இருந்து சிறுகுடலின் நடுநிலைச் சூழலில் சிதைகிறது. ஆகவே இரைப்பையிலிருந்து சிறிது சிறிதாக விடுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் சிறிது சிறிதாகப் போகும் பொருளை, குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள என்சைம்கள் நிதானமாகப் பிடித்து மாற்றிவிட முடியும்; மொத்தமாகப் போனால் அவற்றின் பிடியைத் தாண்டி ஓரளவு இரத்தத்துக்குத் தப்பிப் போகும். மெதுவாக விடுவதால் இரத்தத்தில் சேரும் அளவு கூடுமா குறையுமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும், ஊகித்துச் சொல்லக் கூடாது. இன்னொரு பக்கம், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல், சாறு வடிவில் நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ இ.ஜி.சி.ஜி. எடுப்பது கல்லீரல் என்சைம்கள் உயர்வதோடு தொடர்புடையது என்று முடிவு சொன்னது. வெறும் வயிற்றில் எடுத்தால் இரத்தத்தில் அதன் உச்ச அளவு பல மடங்கு கூடுகிறது என்பதும் அளந்து பார்த்த விஷயம். மெதுவாக விடும் படலம் அந்த உச்சத்தைத் தணிக்கும் என்று எதிர்பார்க்கலாம். அதனால் கல்லீரலுக்குப் பாதுகாப்பு வருமா என்பது நிரூபணமாகாத ஊகம்தான், ஆனால் யாராவது எடுத்து ஆராய வேண்டிய நல்ல கேள்வி. எடை குறைப்பில் பச்சைத் தேயிலையின் பங்கு இருந்தாலும் சிறியதுதான்.

மஞ்சளின் குர்க்குமினும் இந்த ஆய்வுகளில் அடிக்கடி வரும், அதனால் இரண்டு வரி. காரத்தன்மை சற்றே உள்ள பிஹெச் 7.2 கரைசலில் அது அரை மணி நேரத்துக்குள் 90 சதவீதம் சிதைகிறது, அமிலத்தில் நிலையாக இருக்கிறது; அதைக் காட்டி இரைப்பையில் தங்கவைக்கிறார்கள். ஆனால் அமிலத்தில் அது கரைவதே இல்லை. கரையாத பொருளை எட்டு மணி நேரம் நிறுத்தினாலும் எட்டு மணி நேரம் கரையாமல்தான் கிடக்கும். முதலில் கரைதிறனைக் கூட்டும் வேலை நடந்தாக வேண்டும். வெள்ளை பீன்ஸிலிருந்து எடுக்கும் அமைலேஸ் தடுப்பான் ஒரு புரதம். அதை இரைப்பையில் நீண்ட நேரம் நிறுத்துவது, அமிலத்துக்கும் பெப்சினுக்கும் அதை இரையாக வைப்பது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எடை குறைப்பில் கொஞ்சமாவது சான்று இருப்பது பல சமயம் மூலிகைக்கு இல்லை, பாலிமருக்குத்தான். கொஞ்சாக் கிழங்கின் குளுக்கோமன்னனை, கலோரி குறைந்த உணவோடு, சாப்பாட்டுக்கு முன் ஒரு கிராம் வீதம் நாளைக்கு மூன்று முறை, ஒன்றிரண்டு தம்ளர் தண்ணீரோடு எடுத்தால் எடை குறைய உதவும் என்று சொல்ல ஐரோப்பிய ஒன்றியம் 2012ல் அனுமதித்தது. செல்லுலோஸை வேதிமாற்றம் செய்து சிட்ரிக் அமிலத்தால் பாலம் போட்ட ஒரு கூழ்த்துகளை, பிளெனிட்டி என்ற பெயரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019ல் அனுமதித்தது. அதில் எந்த மூலிகையும் கிடையாது, மருந்தும் கிடையாது; இரைப்பையில் தண்ணீரை உறிஞ்சி ஊதி, இடத்தை அடைப்பதுதான் அதன் வேலை. அதனால் அதை மருந்தாக வகைப்படுத்தாமல் மருத்துவக் கருவியாகவே வகைப்படுத்தினார்கள். 436 பேரிடம் 24 வாரம் நடந்த ஆய்வில், அதை எடுத்தவர்களுக்கு 6.4 சதவீதமும் போலி எடுத்தவர்களுக்கு 4.4 சதவீதமும் எடை குறைந்தது. இரண்டு குழுவும் உணவைக் குறைத்திருந்தார்கள். வித்தியாசம் சுமார் இரண்டு சதவீதம். இதோடு ஒப்பிட்டால், மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2008 திறனாய்வு கைட்டோசானுக்கு எடை குறைப்பில் மிகச் சிறிய பலனே இருப்பதாகவும், அது நடைமுறையில் பெரிதாக உதவாது என்றும் சொன்னது. ஆக ஒரு மூலிகைப் படலத்தைச் சோதிப்பவர்கள், மூலிகை ஏற்றாத வெறும் படலத்தையும் ஒரு குழுவுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால், வயிற்றை நிரப்பியதால் வந்த பலன் மூலிகையின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

பயமில்லையா என்று கேட்டீர்கள். இரைப்பையில் பெரிதாக வேண்டும் என்றே செய்த பொருள், தொண்டையில் பெரிதானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1980களில் ஆஸ்திரேலியாவில் குளுக்கோமன்னன் மாத்திரைகள் உணவுக்குழாயில் ஊதி அடைத்துக்கொண்ட சம்பவங்களுக்குப் பிறகு அந்த மாத்திரை வடிவமே தடைசெய்யப்பட்டது. குளுக்கோமன்னனும் இயற்கைதான். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், இரைப்பை அல்லது குடலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், இரைப்பை மெதுவாகக் காலியாகும் கோளாறு உள்ளவர்கள் தங்கும் வடிவம் எதையும் தாங்களாக எடுக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கும் எடை குறைப்புக்கும் போடும் செமாக்ளுடைடு வகை ஊசிகள் எடுப்பவர்களையும் இதில் சேர்க்கிறேன், ஏனென்றால் அந்த மருந்துகளே இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். எட்டு மணி நேரத்துக்கென்று செய்த படலம் அங்கே எவ்வளவு நேரம் கிடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஓடுள்ள கடல் உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் கைட்டோசானை மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். கைட்டோசான் கொழுப்பில் கரையும் வைட்டமின்களையும் பிடித்துக்கொள்ளக்கூடியது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இது சிறிய விஷயமில்லை.

இப்படி ஒரு கட்டுரையைப் படிக்க நேர்ந்தால் எங்கே கண்ணை வைப்பது என்றும் சொல்கிறேன். ஆய்வகச் சோதனை பொதுவாக 900 மில்லிலிட்டர் அமிலத்தில், 37 டிகிரி சூட்டில், மெதுவாகச் சுழலும் துடுப்போடு நடக்கும். வெறும் வயிற்றில் உண்மையில் இருக்கும் நீர் சில பத்து மில்லிலிட்டர்தான். அந்தக் கண்ணாடிக் குடுவைக்குப் பைலோரஸ் கிடையாது, துப்புரவு அலை கிடையாது, கசக்கும் தசை கிடையாது. குடுவையில் எட்டு மணி நேரம் என்பது குடுவையைப் பற்றிய உண்மை மட்டுமே. எலியின் இரைப்பைக்குள் மனித அளவுப் படலம் நுழையவே நுழையாது, ஆகவே எலியில் தங்கியது என்ற முடிவும் மனிதனுக்குச் செல்லாது. காமா கதிர்ப் படமோ எம்.ஆர்.ஐ. படமோ எடுத்து, மனிதர்களில், வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்பும் பார்த்திருந்தால் அது பேசத் தகுந்த சான்று. அதற்கு மேல் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு எடையை அளந்திருக்க வேண்டும். மூலிகைப் படலங்களில் நான் படித்த ஆய்வுகள் பெரும்பாலும் முதல் படியிலேயே, குடுவையிலேயே நிற்கின்றன. அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை; அது இல்லாமல் அடுத்த படி கிடையாது. ஆனால் குடுவையிலிருந்து நேராக விளம்பரத்துக்குத் தாவுவதுதான் தவறு.

ஆக உங்கள் அடிப்படைக் கேள்விக்கு: கொடம்புளி உங்களுக்குப் பலிக்காததற்கு நேரம் போதாததைக் காரணமாகச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை. பச்சைத் தேயிலையில் நேரத்துக்கு ஒரு சிறு பங்கு இருக்கலாம், அது இன்னும் சோதிக்கப்பட வேண்டியது. இந்தப் படலங்கள் நல்ல பயனைத் தருமென்றால், அது மில்லிகிராம் கணக்கில் வேலை செய்யும், இரைப்பையிலோ சிறுகுடலின் மேல்பகுதியிலோ இலக்குள்ள பொருட்களுக்குத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். எடை குறைக்கும் மூலிகைகள் அந்த வரிசையில் கடைசியில்தான் வரும்.

கடைசியாக, நீங்கள் ஏற்கெனவே எடுத்த கேப்சூல்கள். கொடம்புளி சேர்ந்த எடைக்குறைப்புப் பொருட்களை எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, பச்சைத் தேயிலைச் சாறு எடுத்தவர்களிடமும் அப்படியே. நீங்கள் இரண்டையும் சேர்த்து மாதக்கணக்கில் எடுத்திருக்கிறீர்கள். பலன் இல்லாததை நிறுத்துவதில் இழப்பு ஒன்றுமில்லை, நிறுத்திவிடுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருத்துப் போவது, காரணமில்லாத களைப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி, உடம்பு அரிப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். இல்லாவிட்டாலும் அடுத்த முறை இரத்தப் பரிசோதனை செய்யும்போது கல்லீரல் என்சைம்களையும் பார்க்கச் சொல்லுங்கள், கேப்சூல் டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். "மூலிகை" என்று விற்ற எடைக்குறைப்புப் பொருட்களில், 2010ல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததை ஆய்வகங்கள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. எடுத்த காலத்தில் படபடப்போ தூக்கமின்மையோ இரத்த அழுத்தம் கூடியதோ இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.